இறங்காத தட்டு

மிளகுக்கொடி ஏறிய பலாமரத்தடியில் பள்ளிக் கமிட்டி கூடியிருக்கிறது, கண்ணுகளா; சுற்றிலும் மலை ஊர்ச் சனங்கள். மலைப் பள்ளிகளையெல்லாம் ஆளுவது சீமையிலுள்ள மிஷன். எடப்புளிப் பள்ளியை மூடி, பிள்ளைகளைத் தேவனூர்ப் பள்ளிக்கு அனுப்ப அங்கே முடிவாகிவிட்டதாம். மிஷன் அனுப்பிய வெள்ளைக்காரத் துரை சொன்னதை வாத்தியார் சாமியப்பன் தமிழில் சொல்லி, சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்கிறார். ஒரு கையும் எழவில்லை. இந்த மலையில் சம்மதம் என்றால் தட்டிலிருந்து வெற்றிலை எடுப்பதுதான். எடப்புளிப் பெருமாயி எழுந்து, வெற்றிலைத் தட்டைத் துரையின் முன்னால் நீட்டுகிறாள். “பள்ளிக்கோடம் எங்கூர்லயே இருக்கோணும். கமிட்டியில எங்காளு ஒருத்தரு உக்காரோணும். சம்மதமுன்னா எடுங்க சாமி.” “சீமையைக் கேக்கோணுமாம், பெருமாயி” என்கிறார் வாத்தியார். “கேக்கட்டுமுங்க. தேவனூருக்கு மழையில ஓடை தாண்டப் போறது சீமைக்காரரா, எம்மவளா?” யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். துரையின் விரல்கள் மடியிலுள்ள தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. நிழல் நகர்ந்து, பித்தளைத் தட்டில் வெயில் ஏறுகிறது. பெருமாயி முழங்கையை இடுப்பில் ஊன்றிக்கொள்கிறாள். தட்டு இறங்கவில்லை. தேவனூர்ச் சின்னுசாமி எழுந்து வந்து, தட்டின் அடியில் தன் கையையும் கொடுக்கிறார். “நெதானமா எடுங்க தொரை. எங்களுக்கும் அவசரமில்லீங்க.”