தூங்குமூஞ்சி நர்ஸ்

"இந்தக் காலத்துல எவனுக்கும் எவளுக்கும் வேலையில அக்கறையே கிடையாது! மணி ஆறாச்சு, இன்னும் கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்கிறே?"

நர்ஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பாதி பின்னிய தலை, கன்னத்தில் தலையணைத் தடம். மூன்று மாதமாக லிஃப்ட்காரர் பார்க்கும் கோலம் இதுதான். தூங்குமூஞ்சி என்று பேரே வைத்துவிட்டார்.

"உக்காருங்க தாத்தா. மூச்சு வாங்கலையே?"

"எனக்கு எதுக்கு வாங்கணும்? சர்ட்டிபிகேட் எங்கே? இன்னிக்குத்தான் கடைசி நாள். பத்து மணிக்கு மேனேஜர் மேஜையில அது இல்லேன்னா, என் ஸ்டூல்ல வேற ஆளு உக்காந்துடுவான்."

முப்பது வருஷ ஸ்டூல் அது. பன்னிரண்டு மாடி ஏறி இறங்கியும் ஓரடி நடக்க வேண்டாத உத்தியோகம். மூன்று மாதத்துக்கு முன்னால், ஏழாவது மாடியில் கதவைத் திறக்கும்போது தலை சுற்றிச் சாய்ந்துவிட்டார். 'உடம்பு சரியாயிருக்குன்னு மூணு மாசத்துல டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா, இல்லேன்னா வீட்டுக்குப் போ' என்று சொல்லிவிட்டான் மேனேஜர்.

டாக்டரம்மாவிடம் வந்தால் அவள், "மாத்திரையோட தினமும் நடங்க பெரியவரே. இதயத்துக்கு நல்லது, சர்க்கரையும் இறங்கும்" என்றாள். இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வைத்தியம் தெரியாதவங்கதான் நடக்கச் சொல்லுவாங்க. காரணமில்லாம சுத்த நான் என்ன தெருநாயா?"

டாக்டரம்மா வாதாடவில்லை. "சரி, நடக்க வேண்டாம். தினமும் காலையில ஆறு மணிக்கு இங்க வந்து பிரஷர் பார்த்துட்டுப் போங்க. ஒருநாள் தவறினாலும் கையெழுத்துக் கிடையாது" என்றுவிட்டாள்.

முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். முக்கால் மணி நேரம் வேகுவேகென்று நடந்து, வழியெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்துக்கொண்டு வருவார். அவள் கண்ணிலேயே படமாட்டாள். மிச்சத் திட்டெல்லாம் நர்ஸுக்கு.

"இந்தாங்க, டாக்டரம்மா நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்று காகிதத்தை நீட்டினாள் நர்ஸ். "வெறும் வயித்துல இருநூத்திப் பத்து இருந்த சர்க்கரை நூத்தி இருபதுக்கு வந்துடுச்சு. பிரஷரும் இறங்கிடுச்சு. எல்லாம் நீங்க நடந்ததாலதான் தாத்தா!"

"நான் எங்கே நடந்தேன்? பிரஷர் பார்க்க வந்தேன்!"

"அப்ப எப்படி இறங்குச்சாம்?"

"மாத்திரை."

"அதே மாத்திரையைத்தானே நாலு வருஷமா முழுங்குறீங்க?"

"இத்தனை நாளா அதுவும் உன்னை மாதிரி தூங்கிக்கிட்டு இருந்திருக்கும். இப்பத்தான் முழிச்சிருக்கு!"

நர்ஸ் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவருக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. காலி நாற்காலிகளைக் கையால் காட்டினார்.

"சிரிக்காதே. மூணு மாசமா பார்க்கிறேன், என்னைத் தவிர ஒரு ஈ காக்கா இந்தப் பக்கம் வரலை. இந்த லட்சணத்துல ஒரு ஆஸ்பத்திரி, அதுக்கு ஒரு நர்ஸு! நாளையிலேர்ந்து உன் மூஞ்சில முழிக்க வேண்டாம். அதுவே பெரிய நிம்மதி."

"எனக்கும்தான் தாத்தா" என்றாள் அவள், அடுத்த கொட்டாவியை அடக்கியபடி. "ஆனா நடக்கிறதை மட்டும் விட்டுடாதீங்க."

"நடக்கிறதாம்!"

காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். மற்ற நாளாயிருந்தால் திரும்பிப் பார்க்காமல் ஆறரை பஸ்ஸுக்கு ஓடியிருப்பார். இன்று வாசலில் நின்று, கையெழுத்து இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யாரையும் நம்பி ஏமாறும் ஜாதியில்லை அவர்.

முதுகுக்குப் பின்னால் தடதடவென்று சத்தம். நர்ஸ் ஷட்டரை இழுத்து இறக்கிப் பூட்டினாள். பின்னலை முடிந்துகொண்டே எதிரிலிருந்த தன் வீட்டுக்குள் ஓடினாள்.

மூன்று மாதமாகச் சுருட்டி மேலே ஏற்றியே பார்த்த ஷட்டர். அதில் கொட்டை எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. லிஃப்ட்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'பார்வை நேரம்: காலை 9 மணி முதல்.'

இன்னொரு முறை படித்தார்.

"ஆறு மணிக்குத் திறக்கிற இடத்துல ஒன்பதுன்னு எழுதி வச்சிருக்கானுங்க பாரு, ஒரு போர்டுகூட ஒழுங்கா எழுதத் துப்பில்லை!" என்று காறித் துப்பிவிட்டு, வந்து நின்ற ஆறரை பஸ்ஸைக்கூடக் கவனிக்காமல் விடுவிடுவென்று நடந்தார்.