வகுபடாத நம்பர்

“டாக்டரம்மா நம்பர் குடுத்து ஒரு வாரம் ஆகுது. இன்னும் அதை வச்சுக்கிட்டு என்னதான் பண்றே?” என்று தங்கை கேட்டாள்.

“வகுத்துக்கிட்டிருக்கேன்” என்றான் அண்ணன்.

கல்லூரியில் கணிதப் பேராசிரியன் அவன். போன வாரம் அவனுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பல் டாக்டர், வாயை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தாள். “மிச்சம் முப்பத்தொண்ணு. இனிமே உங்களை யாரும் சமமா பங்கு போட முடியாது சார்.” பஞ்சைக் கடித்திருந்ததால் அவனால் சிரிக்கக்கூட முடியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற வேடிக்கையாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

மாத்திரை உறையின் மேல் 4503347 என்று எழுதி நீட்டினாள். “வலிச்சா கூப்பிடுங்க. வலிக்கலேன்னாலும் கூப்பிடலாம்.”

வேறொருவனாக இருந்தால் படி இறங்கும்போதே கூப்பிட்டிருப்பான். இவன் படி இறங்கும்போது இலக்கங்களைக் கூட்டினான். இருபத்தாறு. அப்படியென்றால் மூன்றால் வகுபடாது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை.

“பகா எண்ணா இருந்தா பேசிடுவேன்” என்றான் தங்கையிடம்.

“இல்லேன்னா?”

“இல்லேன்னாலும் பேசலாம். கொஞ்சம் யோசிச்சு.”

தன் பயத்துக்குக் கணிதம் என்று பெயர் வைத்திருப்பது அவனுக்கே தெரியும். போன வருடம் பார்த்த பெண்ணிடம், அவள் வண்டி எண் ஒரு முழு வர்க்கம் என்று வாய் ஓயாமல் பேசினான். வண்டியை எடுத்துக்கொண்டு போனவள் போனவள்தான். பட்டம் வாங்கி என்ன பிரயோஜனம்? கரும்பலகையில் அவன் போடும் கூட்டலைத் திருத்துவதற்கென்றே முன்வரிசையில் இரண்டு பேர் உட்காருகிறார்கள்.

ஒருவழியாகப் பென்சிலைக் கீழே போட்டான். “பகா எண்தான்!”

தங்கை போனை எடுத்து அவன் கையில் திணித்தாள். “பேசு. சினிமா பத்திப் பேசு, மழை பத்திப் பேசு. நம்பரைப் பத்தி மட்டும் வாயைத் திறந்தே, நான் உன்னோட பேசவே மாட்டேன்.” ஸ்பீக்கரையும் அவளே தட்டிவிட்டாள்.

“சொல்லுங்க சார், வலிக்குதா?”

“இல்லை டாக்டர்.”

“சந்தோஷம்.”

அதற்குமேல் என்ன சொல்வது? ஜன்னலைப் பார்த்தான், மழை இல்லை. சினிமா பார்த்து வருஷக்கணக்காகிறது. தங்கை கண்ணை உருட்ட உருட்ட நாக்கு அதன் பாட்டுக்குப் புரண்டது.

“டாக்டர், உங்க நம்பர் ஒரு பகா எண். நாப்பத்தஞ்சு லட்சத்து மூவாயிரத்து முந்நூத்தி நாப்பத்தேழு. ஒண்ணாலயும், அதாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. ஒரு வாரமா உக்காந்து பாத்தேன்.”

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். இந்த வாயில் பிடுங்க வேண்டியது பல் அல்ல என்று நினைத்துக்கொண்டே, துண்டிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனான்.

“நாப்பத்திமூணால வகுபடும் சார். நம்பர் வாங்கின அன்னிக்கே நான் வகுத்துப் பாத்துட்டேன்.”