மூன்றாவது மாடி

மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்தே மூன்று மாடியும் ஏறி வந்தவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"படி ஏறியா வந்தீங்க?" என்றார் அதிகாரி.

"லிஃப்ட் ஓடலையே சார். நேர்ல வந்தாத்தான் மனு வாங்குவோம்னுட்டாங்க."

"வேலைக்குப் போகவே முடியாத தொழிலாளிக்குத்தான் இந்தத் தற்காலிக உதவித்தொகை. மூணு மாடி ஏறுற ஆளுக்கு எப்படிக் கொடுக்கறது?"

ஃபைலைத் திறக்காமலே அட்டையில் எழுதினார்: 'தகுதி இல்லை.'

"ரெண்டு மாசம் காலை ஊனவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார் சார்."

"எனக்கு மட்டும் முட்டி வலிக்கலையா? லிஃப்ட் மெக்கானிக் மூணு வாரமா எட்டிப் பாக்கலை. கேட்டா, கால் ஒடஞ்சிடுச்சுன்னு கதை விடறானாம்!"

வந்தவர் தலைகுனிந்தார். "முதல் பக்கத்தை மட்டும் பாருங்க சார்."

அதிகாரி வேண்டாவெறுப்பாகப் புரட்டினார். வேலை: லிஃப்ட் மெக்கானிக். விபத்து நடந்த இடம்: இதே கட்டடத்தின் லிஃப்ட் குழி.

அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"அட, அது நீங்கதானா! வந்ததே வந்தீங்க, போறப்போ அந்த லிஃப்டைக் கொஞ்சம் பாத்துட்டுப் போயிடுங்களேன்."