ஆளுக்கு ஐந்து நிமிடம்

தேரிக்காட்டு நீரூற்றுத் திடலில் குடும்பங்களுக்குத் தண்ணீர் இலவசம். ஆளுக்கு ஐந்து நிமிடம். உள்ளே நுழைபவர்கள் எத்தனை பேர் என்று இதயத் துடிப்பை வைத்து வாசல் கதவே எண்ணிப் பலகையில் காட்டிவிடும். இது தெரிந்ததும் ஊர்க்காரர்கள் கூடுதல் நிமிடத்துக்காகப் பைக்குள் கோழியை ஒளித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அதனால்தான் இப்போது வாசலில் லிங்கத்தாய் காவலுக்கு இருக்கிறாள்.

ஜெயக்கனி மகள் மதியோடு வரிசையில் நின்றாள். எல்லோரையும்போல அவளும் கணுக்கால்வரை வெயில் அங்கி அணிந்திருந்தாள். அவளுக்கு இது ஆறாவது மாதம். நேற்று வெயிலில் மயங்கி விழுந்ததிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. ஆஸ்பத்திரி வண்டி பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். மதியிடம் குளிக்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

கதவைத் தாண்டும்போது பலகையை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நில்லுளா," என்றாள் லிங்கத்தாய். "ரெண்டு பேருதான வந்திருக்கிய? பலகையில மூணுன்னு வருது. பையைத் தொற. நேத்து ஒருத்தி கொண்டாந்த சேவல் உள்ள போயி கூவிருச்சு."

"மூணா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க மைனி."

"எனக்கென்ன கண்ணு தெரியாதா? மூணுதான்."

ஜெயக்கனி பையைக் கவிழ்த்தாள். ஒரு துண்டும் மதியின் பாவாடையும் விழுந்தன. பிறகு லிங்கத்தாயின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். லிங்கத்தாய் துண்டை எடுத்து உதறிக் கொடுத்தாள்.

உள்ளே தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"யம்மா, நமக்குப் பத்து நிமிசம்தான?" என்றாள் மதி.

"இல்லட்டி," என்றாள் ஜெயக்கனி. "பதினஞ்சு."