வேனில் ஒரு யோனா

“இந்த வேன்ல ஒரு யோனா இருக்கான்!”

சொன்னவர் கண்ணாயிரம். ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டோரமாக வண்டி மூணாவது தடவையாக நின்றுபோயிருந்தது. டிரைவர் பக்கிரி இறங்கி அடியில் படுத்துவிட்டான்.

ராஜவேல் வாட்சைப் பார்த்தார். மகள் பிரிசில்லாவுக்குச் சிதம்பரம் சர்ச்சில் பத்தரைக்குக் கல்யாணம். மணி ஒன்பதரை ஆகிவிட்டது. விடிஞ்சா சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் சர்ச்சில் கல்யாணமே கிடையாது. மாப்பிள்ளையோ இந்த ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டுக்கு ஃப்ளைட் ஏறுகிறார். போனால் ரெண்டு வருஷம்.

கண்ணாயிரம் சபைச் செயலர். வேனும் அவருடையதுதான். சபைக் கல்யாணத்துக்கு வேற வேன் பேசினால் மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அடுத்தவர் பாவத்தை மோப்பம் பிடிப்பதில் மன்னன். ‘தானே’ புயலில் சர்ச் ஓடு பறந்ததற்கே ஒரு பாவியைக் கண்டுபிடித்து, அந்த ஆள் வேற சபைக்குப் போகிற வரை விடவில்லை.

“யோனா யாரு? கடவுள் சொன்னதக் கேக்காம கப்பலேறி ஓடுனவன். அந்த ஒருத்தன் செஞ்ச பாவத்துக்குக் கப்பலே முழுகப் பாத்துச்சி. அவனத் தூக்கிக் கடல்ல போட்டப்புறந்தான் புயல் அடங்குச்சி.”

சொல்லிவிட்டுக் கண்ணை மட்டும் கடைசி சீட்டுப் பக்கம் ஓட்டினார்.

அங்கே மாலதி. ராஜவேலின் தங்கை. பூவராகன் என்கிற இந்துப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள். நெற்றியில் வட்டமாகப் பொட்டு.

“எல்லாரும் சேந்து ஜெபம் பண்ணாக்க போதாதுங்களா ஐயா?” என்று இழுத்தார் ராஜவேல்.

“ஜெபம் மேல போவ வழி வேணாமா? அந்தப் பொட்டு மறிச்சிக்கிட்டு நிக்குதே!”

“சும்மாவா வண்டி மூணு தடவ நிக்கும்?” என்று எடுத்துக்கொடுத்தாள், பிரிசில்லாவுக்குப் பக்கத்து சீட்டிலிருந்த சபைக்காரி தங்கம்மாள்.

மாலதி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவம், அந்த நேரம் பார்த்து அவருக்கு ஜன்னலுக்கு வெளியே ரொம்ப முக்கியமாக என்னவோ பார்க்க வேண்டியிருந்தது.

“நான் எறங்கிக்கிறேண்ணே. பின்னால பஸ்ஸு வந்தா வர்றேன்.”

“அத்தை, நானும் வர்றேன்!” என்று எழுந்த பிரிசில்லாவைத் தங்கம்மாள் தோளைப் பிடித்து அமுக்கினாள். “கல்யாணப் பொண்ணு பாதி வழில எறங்குறதா? உக்காருடி!”

மாலதி இறங்கவும், பக்கிரி அடியிலிருந்து எழுந்து வந்து சாவியைத் திருகவும் சரியாக இருந்தது. வண்டி கிளம்பிவிட்டது!

“அல்லேலூயா!”

கண்ணாயிரத்தின் முகத்தைப் பார்க்கணுமே! தீர்க்கதரிசி பட்டம் அப்போதே கைக்கு வந்துவிட்டது.

அரைக் கிலோமீட்டர்கூடப் போயிருக்காது. லொக்கு லொக்கென்று இருமிவிட்டு வண்டி மறுபடி நின்றது.

“இன்னொருத்தரும் இருக்காப்பல” என்றார் கண்ணாயிரம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவ்வளவுதான், வேன் இரண்டுபட்டது.

“ராணியம்மா தலைக்கு டை அடிக்கிறா!”

“நீ மட்டும் ஆராதன நடுவுல சீரியல் கதை பேசலியா?”

மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் மேல் போன். பிரிசில்லா அழுத அழுகையில் கண் மையெல்லாம் கன்னத்துக்கு வந்துவிட்டது.

அப்போது பின்னால் விடாமல் ஒரு ஹாரன். சிதம்பரம் பஸ். படிக்கட்டில் மாலதி!

“அண்ணே, பொண்ண ஏத்து! எல்லாரும் சீக்கிரம் ஏறுங்க!”

“என்னா பொம்பளய்யா இது!” என்று தலையை நீட்டினார் பஸ் டிரைவர். “தூரத்துல வேன் நிக்குது, கல்யாணப் பொண்ணு அதுல இருக்குன்னு நடுரோட்டுல கையை விரிச்சிக்கிட்டு நின்னுடுச்சி. நான் மட்டும் பிரேக் போடலன்னா அதோட கதி அதோகதிதான்!”

வேன் மொத்தமும் பஸ்ஸுக்கு மாறியது. முதல் ஆளாக ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்தவர் கண்ணாயிரம்.

கடைசியாக மாலைக் கூடையோடு நின்ற ராஜவேல், “வண்டிக்கு என்னப்பா கோளாறு?” என்று கேட்டார்.

பக்கிரி கை துடைத்த துணியை அவர் மூக்கருகே நீட்டினான். குப்பென்று மண்ணெண்ணெய்.

“ரேஷன் மண்ணெண்ணெய் சார். அதுலயும் பாதி தண்ணி. டீசல் வெல கட்டுப்படியாவலன்னு எங்க ஓனர்தான் டேங்க்ல கலக்கச் சொன்னாரு. நான் சொன்னன்னு சொல்லிடாதீங்க.”

ராஜவேல் பஸ்ஸில் ஏறினார். உட்கார இடமில்லாமல் மாலதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“கர்த்தர் நல்லவர்!” என்றார் கண்ணாயிரம், காற்று வாங்கிக்கொண்டு. “யோனாவ எறக்கிவிட்டதும் பஸ்ஸையே அனுப்பிட்டாரு பாத்தியா ராஜவேலு!”

ராஜவேலுக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ.

“ஆள மாத்தி எறக்கிட்டோம் ஐயா! டேங்க்ல மண்ணெண்ணெய் கலந்த யோனா இங்க சீட்டு புடிச்சி உக்காந்திருக்காரு. கண்டக்டர், விசில் குடுங்க. ஒருத்தர் எறங்கணும்!”

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கண்ணாயிரத்தின் முகம் செத்துப்போனது.

“எறங்கட்டும், எறங்கட்டும்! ஒருத்தரால எத்தன பேருக்குக் கஷ்டம்!” என்றாள் அதே தங்கம்மாள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். மாலதி எட்டி அவர் கையைத் தடுத்தாள்.

“வேணாண்ணே, அவரு உக்காரட்டும். நடுரோட்டுல எறக்கிவிட்டுட்டுப் போனா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”