கழற்றி வைத்த பம்ப்

தம்பியின் பழைய பெட்ரோல் லாரி ஸ்டார்ட் ஆவதே பெரும்பாடு. ஸ்டார்ட் ஆனாலும் நடுரோட்டில் நின்றுவிடும். மற்ற பட்டறைகள் கைவிரித்தபின் மெக்கானிக் அக்காவிடம் வந்தான். அவள் சாவியைத் திருப்பச் சொல்லி, டாங்கில் காதை வைத்தாள். பெட்ரோலை எஞ்சினுக்கு ஏற்றும் பம்பின் ரீங்காரம் விட்டுவிட்டுக் கேட்டது.

“பம்ப்தான்டா. அவனுங்க காது குடுத்துக் கேக்காம சென்சாரா மாத்தித் தள்ளியிருக்கானுங்க.”

பம்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் புதியதன் டப்பாவைப் பிரித்தாள். அதற்குள் வெளியே லாரி சாவியின் ஒரே திருப்பில் உறுமியது. வேலை முடிந்ததென்று நினைத்த தம்பி, “அக்கான்னா அக்காதான்!” என்று கத்தியபடி ஓட்டிக்கொண்டு போயே விட்டான். அக்கா மேசைமேல் கிடந்த பம்பைப் பார்த்தாள். ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தது.

சாயங்காலம் போன் வந்தது. “மலை ஏறிட்டிருக்கேன்க்கா. ஒரு இடத்துலகூட நிக்கல!”

“கை வச்சது யாரு!” என்றாள் பெருமையாக.

போனில் அவன் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க எஞ்சின் உறுமும் சத்தம் கேட்டது. மேசைமேல், வயர் எதுவும் இல்லாத பழைய பம்பின் ரீங்காரமும் கூடவே ஏறியது.