யூகலேலியின் வயது

“நல்லா பழசுதானே அண்ணே?” என்றான் ஆண்டனி.

கிருமாம்பாக்கத்தில் கிட்டார், யூகலேலி என்கிற நாலு கம்பிக் குட்டி கிட்டார் எல்லாம் ரிப்பேர் பார்க்கும் ராஜ்மோகன், ஆண்டனி நீட்டிய யூகலேலியின் துளைக்குள் டார்ச் அடித்தார். “இன்னாபா, விக்கப் போறியா?”

“இல்லண்ணே. எண்பதாம் வருசத்துக்கு முந்தினதானு மட்டும் சொல்லுங்க.”

“அவ்ளோ பழசு இல்லபா. உள்ள பார்கோடு ஸ்டிக்கர் இருக்கு பாரு. தொண்ணூறுக்கு அப்புறம் செஞ்சது.”

ஆண்டனியின் முகம் செத்துப்போனது.

1980-இல் மாதா கோயில் யூகலேலி ஒன்று காணாமல் போனது. பல வருடம் கழித்து அப்பா கையில் இதைப் பார்த்த ஊர், அதுதான் இது என்றது. “காசு குடுத்து வாங்கினேன்டா” என்று சாகும்வரை சொன்னார்.

போன வாரம் அடக்கத்தின்போது, “அவரு ஆசைடா, பெட்டில வையி” என்று அம்மா கெஞ்சினாள்.

“திருட்டுச் சாமான் கல்லறைக்கு வேணாம்” என்று பிடுங்கிக்கொண்டவன் ஆண்டனிதான்.